ஆரஞ்சு காரின் வலது பக்கம்

பெல்கிஸ் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் கடைக்கு வந்தால் கல்லாப் பலகையில் ஒரு கையை ஊன்றி நின்றபடியேதான் காப்பி குடிப்பாள். ஸ்டூலை இழுத்துப் போட்டால் அதன் மேல் கைப்பையை வைப்பாள். பாதிக் காப்பியில் எதையோ நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வருவாள். மீதிக் காப்பி ஆறிப் போயிருக்கும். அதையும் நின்றபடியே குடிப்பாள். ஆள் ரொம்பக் குள்ளம்; கல்லாப் பலகை அவள் நெஞ்சுக்கு வரும்.

என் மூத்த மகளுக்கு அவள்தான் ஞானத்தாய். அதனால் எங்கள் வழக்கப்படி நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கொமாத்ரே' என்போம். எங்கள் தீவின் இந்த மோக்கா ஊரில் மற்ற எல்லாருக்கும் அவள், மரியாதையாக, தோன்யா பெல்கிஸ்.

சின்ன வயதிலேயே நியூயார்க் போனவள். அங்கே பிராங்க்ஸில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். தலை நரைக்கும் வரை அதே வேலைதான். அந்த பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் முகமே மாறிவிடும்.

"முன்னாடி ரெண்டு கண்ணாடி, பக்கத்துல ரெண்டு, பஸ் மூக்குக்குக் கீழ பாக்கறதுக்கு முட்டை மாதிரி ரெண்டு. உள்ள புள்ளைங்களப் பாக்க ஒண்ணு. தெனம் காலையில பஸ்ஸ ஒரு சுத்து சுத்தி, எல்லாக் கண்ணாடியும் தொடச்சு, சரி பண்ணிட்டுத்தான் சாவியத் தொடுவேன். என் பஸ் பக்கத்துல பூனை போனாக்கூட எனக்குத் தெரியும், கொமாத்ரே. இத்தன வருஷத்துல ஒரு கீறல் கெடையாது."

ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பினாள். பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. கட்டி வைத்திருந்த வீட்டுக்குப் பளபளவென்று தரை போட்டாள், ஜன்னலுக்குக் கம்பி போட்டாள், பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் கப்பலில் அவள் கார் வந்து சேர்ந்தது.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நீள மூக்கும் தட்டைக் கூரையுமாக, தரையோடு ஒட்டிய ஸ்போர்ட்ஸ் கார். கதவு இரண்டே இரண்டு. ஜன்னல்கள் எல்லாம் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பதுபோல் குறுகல். நிறமோ தோலுரிக்காத ஆரஞ்சு. எங்கள் ஊரில் ஆரஞ்சுப் பழத்துக்குச் 'சீனா' என்றுதான் பேர். மறுநாளே காருக்கும் அந்தப் பேர் விழுந்துவிட்டது.

"எதுக்கு கொமாத்ரே இப்படி ஒரு வண்டி?" என்று கேட்டேன்.

"வாழ்நாள் பூரா மாடி ஒசரத்துல உக்காந்து நத்தையாட்டம் ஓட்டினேன். அடுத்தவங்க புள்ளைங்கன்னு பயந்து பயந்து ஓட்டினேன். இனிமே தரையோட தரையாப் படுத்துக்கிட்டுப் பறக்கணும். எனக்கே எனக்குன்னு."

அப்படித்தான் ஓட்டினாள். இருக்கையை முழுக்கத் தாழ்த்தி, முதுகைச் சாய்த்து, ஸ்டீயரிங்குக்கு மேலே நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி. ஒரு ஊசி வாங்கச் சந்தியாகோ நகரம் வரை போவாள். கடலைப் பார்க்கவென்று மலை தாண்டிப் போய், காரை விட்டு இறங்காமலே பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

என் கடைக்கு எதிரில், பின்னால் ஆள் ஏற்றிப் போகிற வாடகை பைக்காரர்களின் ஸ்டாண்டு இருக்கிறது. அவர்கள் சும்மா இருப்பார்களா?

"தோன்யா, உங்க காருக்குப் பேய் புடிச்சிருக்கு! டிரைவர் இல்லாமலே போகுது!"

"ஏணி ஒண்ணு செஞ்சு தரட்டுமா தோன்யா, ஸ்டீயரிங்கப் பாக்கறதுக்கு?"

"மொதல்ல உன் பைக்குக்கு பிரேக் வையிடா, அப்புறம் எனக்கு ஏணி செய்வே" என்று திருப்பிக் கொடுப்பாள். ஆனால் மனசுக்குள் குத்தியது. எங்கே நிறுத்தினாலும் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், கேலி பண்ணுகிறார்கள், தெரியாதவர்களெல்லாம் உறவு சொல்லி உதவி கேட்கிறார்கள் என்று, ஒரு நாள் போய்க் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டு வந்தாள். பின்கண்ணாடிக்கும் சேர்த்து.

"உள்ளேருந்து வெளிய தெரியுதா?" என்றேன்.

"யார்கிட்ட கேக்கறே? நான் பஸ் ஓட்டினவ" என்றாள்.

அந்த வியாழக்கிழமை திரைச்சீலைக் கம்பி வாங்கச் சந்தியாகோ போய்விட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு ஒரு பொட்டலம் பன்றி வறுவல் வாங்கி வந்திருந்தாள். நல்ல உற்சாகம். "ரோடு காலியா இருந்துச்சு கொமாத்ரே, என்னா ஓட்டம் ஓடுச்சு தெரியுமா!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கடை திறந்தபோது பைக் ஸ்டாண்டில் யாரும் கேலி பேசவில்லை. ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். வாஸ்கர் சந்தியாகோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றார்கள்.

வாஸ்கரை எனக்கு நன்றாகத் தெரியும். மோக்காவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கோழிப் பண்ணைதான். அங்கிருந்து முட்டை எடுத்துக் கடைகளுக்குப் போடுகிறவன் அவன். பைக்கின் பின்னால் முட்டைத் தட்டுகளைத் தன் தலைக்கு மேலே போகும்வரை அடுக்கி, ரப்பர் கயிறால் கட்டி, ஒரு முட்டை உடையாமல் கொண்டு வந்து இறக்குவான். அதிகம் பேசாத ஆள். முந்தின நாள் துவார்த்தே நெடுஞ்சாலையில் அவன், எங்கள் நாட்டு வழக்கப்படி வலது ஓரமாகப் போய்க்கொண்டிருக்கையில், இடது பக்கத்திலிருந்த ஒரு கார் அவன் மேல் சாய்ந்ததுபோல் வலப்பக்கம் ஒடித்துக்கொண்டு கிளைச் சாலையில் இறங்கியிருக்கிறது. இவன் ஹாரன் அடித்திருக்கிறான். கார் நிற்கவில்லை. தப்பிக்க ஓரத்துக்கு ஒதுங்கியவன் ஜல்லியில் சறுக்கி வடிகாலில் விழுந்துவிட்டான். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. சாலை முழுக்க முட்டை.

"என்ன கார்?" என்று கேட்டேன்.

ஒருவன் மட்டும் பெல்கிஸ் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

சிறிது நேரத்தில் வாஸ்கரின் மனைவி நூர்கிஸ் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறாள். கண் சிவந்து, நேற்றைய உடுப்போடு. என் கடை வாசலில் நின்றுகொண்டாள். "அவ காப்பி குடிக்க இங்கதானே வருவா? வரட்டும்."

பெல்கிஸ் வந்தாள். நூர்கிஸ் ஒரு அடிகூட நகரவில்லை.

"என் புருஷன் கெடந்தத பாத்துட்டுதானே போனே?"

"யாரு? எங்க?" பெல்கிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "நான் இல்ல. நான் யாரையும் இடிக்கல. என் வாழ்க்கையிலயே நான் யாரையும் இடிச்சதில்ல" என்றாள்.

"இடிக்கல. தள்ளிவிட்டே. சாணி மேல மிதிக்காம ஒதுங்கிப் போற மாதிரி போயிட்டே. இந்த ஊருல சீனா கலர் காரு வேற யாருகிட்ட இருக்கு?"

"நான் பாக்கலம்மா. சத்தியமா பாக்கல."

"மூணு ஆள் ஒசரத்துக்கு முட்டை! பகல் வெளிச்சம்! அதப் பாக்கலியாம்! கண்ணு பொடனியிலயா இருக்கு? நியூயார்க் காசு இருந்தா பைக்காரன் மனுஷனாத் தெரிய மாட்டான், அதச் சொல்லு!"

நூர்கிஸ் காறித் துப்பிவிட்டுப் போனாள். ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாரும் பெல்கிஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் காப்பி குடிக்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

அன்று முழுக்க அவள் காரைச் சுற்றிச் சுற்றி நடந்ததை என் கடையிலிருந்தே பார்க்க முடிந்தது. குனிந்து பார்ப்பாள், விரலால் தடவுவாள். கீறல் இல்லை. உள்ளே ஏறி உட்காருவாள். இறங்குவாள். மறுபடி ஏறுவாள். வெயில் தாழ்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"ஹாரன் சத்தம் ஒண்ணு கேட்டுச்சு, கொமாத்ரே. இப்பதான் ஞாபகம் வருது. எவனோ அவசரக்காரன்னு நெனச்சேன். நம்ம ஊருல யாருதான் ஹாரன் அடிக்கல? நீ கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லு."

வலது பக்கம், முன் சக்கரத்துக்கு அருகில் நின்றேன். "தெரியுது. பின்னாடி போ" என்றாள் உள்ளேயிருந்து. கதவுக்கு நேரே வந்தேன். "தெரியுது. இன்னும்." பின் சக்கரத்தின் பக்கம் வந்தேன். சத்தமே இல்லை.

"தெரியுதா?" என்றேன்.

"எங்க போனே?"

"இங்கதான் நிக்கறேன்!"

"வெளையாடாத, கொமாத்ரே. நில்லுன்னா நில்லு."

"நிக்கறேன்னு சொல்றேன்ல! காரத் தொட்டுக்கிட்டு நிக்கறேன்!" கூரையில் தட்டினேன்.

அவள் இறங்கிச் சுற்றி வந்து என்னைப் பார்த்தாள். நான் சற்றுத் தடித்த உடம்புக்காரி. பூப்போட்ட மஞ்சள் கவுன் போட்டிருந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீயே தெரியல" என்றாள்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. என் கடையிலிருந்து பீர் பெட்டிகளைத் தூக்கி வந்து காரைச் சுற்றி வைத்தாள். ஏறி உட்கார்ந்து பார்ப்பாள், இறங்கி வந்து பெட்டி மறைகிற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போடுவாள். கோடுகளையெல்லாம் சேர்த்தபோது வலது பின்புறம் ஒரு முழு பைக்கும் அதன் ஆளும் முட்டைத் தட்டுகளும் தாராளமாக நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த தூண் என் இடுப்பு அகலம். அதற்குப் பின்னால் கறுப்புத்தாள். பக்கக் கண்ணாடியில் பாதிக்கு மேல் காரின் விலாதான் தெரிந்தது.

"அழகா இருக்குன்னு என் காரையே பாத்துக்கிட்டு ஓட்டியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடைபாதை ஓரத்தில் நின்றாள். அப்போதும் உட்காரவில்லை.

வாஸ்கர் வீடு திரும்பியதும் அவனைப் பார்க்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். ஆடும் நாற்காலியில் தோளைக் கட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தான். நூர்கிஸ் எங்களைக் கண்டதும் உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்ட ஆரம்பித்தாள்.

பெல்கிஸ் ஆஸ்பத்திரிச் செலவையும் உடைந்த முட்டைக்கான காசையும் முதலிலேயே மேசை மேல் வைத்தாள். அவன் எண்ணிப் பார்க்கவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

"நான் உங்க சைடு கண்ணாடியத்தான் பாத்துக்கிட்டு வந்தேன், தோன்யா. கண்ணாடி எனக்குத் தெரிஞ்சது. அப்ப நானும் உங்களுக்குத் தெரிவேன்னு நெனச்சேன்."

"தெரியல, வாஸ்கர்."

"எப்படித் தெரியாம இருக்கும்?"

"அதத்தான் நீயே வந்து பாக்கணும்னு கேக்கறேன். என் சீட்ல உக்காந்து பாரு. ஒன்னோட கண்ணாலயே பாரு."

"போவாத!" என்று உள்ளேயிருந்து நூர்கிஸின் குரல் வந்தது. "எலும்ப ஒடச்சாச்சு, இப்ப கூத்தாடக் கூப்பிடறா!"

ஆனால் வாஸ்கர் எழுந்துவிட்டான். கோபமா ஆர்வமா என்று சொல்லத் தெரியவில்லை. அந்த மாதிரிக் காரில் அவன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரண்டுவிட்டார்கள். வாஸ்கரைக் கைத்தாங்கலாக ஓட்டுநர் இருக்கையில் இறக்கினோம். பெல்கிஸ் வைத்திருந்த உயரத்திலேயே, வைத்திருந்த கண்ணாடியோடு. அவன் சிநேகிதன் ஒருவன் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்து மெதுவாக வலது பக்கம் வந்தான்.

"வர்றான்... வர்றான்..." என்று வாஸ்கர் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு, "எங்கடா போனே?"

"இங்கதாண்டா, உன் காதுகிட்ட!"

"பொய் சொல்லாத."

சிநேகிதன் ஹாரனை அடித்தான். வாஸ்கர் திரும்பிப் பார்த்தான். தூண்தான் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். "பைக்கோட ஆளையே முழுங்கிடுச்சுடா இந்தச் சீனா!" என்று ஒருவன் கத்தினான். வாஸ்கர் சிரிக்கவில்லை.

"நீங்க பொய் சொல்லல, தோன்யா."

பெல்கிஸ் மூச்சு விட்டாள். அதற்குள் அவன் அடுத்ததைக் கேட்டான்.

"நியூயார்க்ல தெனம் காலையில பஸ்ஸச் சுத்தி வந்து கண்ணாடி பாப்பேன்னு சொல்வீங்களே. இந்தக் காருக்கு ஒரு நாளாவது அப்படிப் பாத்தீங்களா?"

அவளால் பொய் சொல்லியிருக்க முடியும்.

"இல்ல" என்றாள். "அது வேலை. இது... சந்தோஷத்துக்கு வாங்கினது."

"உங்க சந்தோஷத்துக்கு நான் விழுந்து கெடந்தேன்" என்றான் வாஸ்கர். கத்தவில்லை. அவனை இறக்கி வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

அவள் காரை வீட்டுக்குள் விட்டுக் கேட்டைப் பூட்டினாள். வெளியே போவது நின்றது. ஆனால் கால் நிற்கவில்லை. வீட்டுச் சாமான்களையெல்லாம் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாற்றினாள், மறுநாள் பழைய இடத்துக்கே கொண்டு வந்தாள். முற்றத்தைப் பெருக்கினாள், பெருக்கின இடத்தையே பெருக்கினாள். "தூக்கம் வரல. கண்ண மூடினா வலது பக்கம் யாரோ வர்ற மாதிரியே இருக்கு" என்றாள். காரை விற்றுவிடச் சொன்னேன். "வித்தா வாங்கறவன் யாரத் தள்ளுவானோ" என்றாள்.

இதற்கிடையே என் கடையில் முட்டை தீர்ந்துபோனது. வாஸ்கர் போடுகிற எல்லாக் கடைகளிலும் தீர்ந்தது. ஒரு கையோடு அவன் பைக் ஓட்ட முடியாது. வேறொருவன் அந்தக் கடைகளை வளைத்துப் போடப் பார்க்கிறான் என்று பேச்சு வந்தது. அதை நான்தான் பெல்கிஸிடம் சொன்னேன். அவள் குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கேட் திறந்திருந்தது. ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும் பழைய பிளேடுமாகக் கறுப்புத்தாளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி முழுக்கப் பசை. நகம் உடைந்துவிட்டது. சுரண்டி முடித்ததும் இருக்கையை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவும் ஏற்றி, அதன் மேல் கெட்டியான ஒரு பஞ்சுத் திண்டைத் தைத்துப் போட்டாள். சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினாள். பக்கக் கண்ணாடிகளை வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனாள், காரின் விலா மறைகிற வரைக்கும். மூலையில் சின்ன உருண்டைக் கண்ணாடிகளை ஒட்டினாள். பிறகு பீர் பெட்டிகள் மறுபடி வந்தன. இந்த முறை சுண்ணாம்புக் கோட்டுக்குள் பாதி இடம் சுருங்கியிருந்தது. மீதிப் பாதி அந்தத் தூண். அதைச் சுரண்ட முடியாது.

"மிச்சத்துக்குக் கழுத்துதான்" என்றாள். முன்னால் குனிந்து, உடம்பைத் திருப்பி, பின்னால் பார்த்துப் பழகினாள். அவள் வயதுக்கு அது லேசில்லை.

பிறகு வாஸ்கர் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தாள்.

"ஏறு. எந்தக் கடை, எத்தன தட்டுன்னு எனக்குத் தெரியாது. நீ சொல்லு, நான் ஓட்டறேன்."

"இதுலயா? முட்டையா?" என்றான்.

"ஏன், முட்டைக்கு சீட் பெல்ட் போட்டு விடறேன்."

அவன் நூர்கிஸைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைகள் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும். அவன் ஏறினான்.

அப்படித்தான் ஸ்போர்ட்ஸ் காரில் முட்டை வர ஆரம்பித்தது. டிக்கியில் கொஞ்சம், பின் இருக்கையில் கொஞ்சம். பின்கண்ணாடியை மறைக்கிற அளவுக்கு ஒரு தட்டுகூட ஏற்ற விடமாட்டாள். அதனால் இரண்டு நடை, மூன்று நடை. ஊர் சிரித்தது. "ரேஸ் முட்டை வந்தாச்சு!" என்று ஸ்டாண்டில் கத்துவார்கள். என் கடைக்கு வரும்போது இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டேதான் வருவார்கள்.

"தலைய பின்னாடி சாய்ன்னு எத்தன தடவ சொல்றது? உன் தலைதான் என் பார்வைய மறைக்குது!"

"சாஞ்சா எனக்கு ரோடு தெரியலியே தோன்யா!"

"உனக்கு எதுக்கு ரோடு? நீயா ஓட்டறே?"

"நீங்க ஓட்டறதாலதான் எனக்குத் தெரியணும்!"

அவன் பயந்துதான் போனான். ஊருக்குள் ஒவ்வொரு பைக்குக்கும் "வலது! வலது!" என்று அலறுவான். "பாத்துட்டேன், காது கிழியுது" என்பாள் அவள். என் கடையில் இறங்கும்போது அவன் சட்டை முதுகு நனைந்திருக்கும். பைக்கில் முட்டைக் கோபுரத்தோடு லாரிகளுக்கு நடுவில் புகுந்து போகிறவன் அவன்.

நெடுஞ்சாலைக்கு மட்டும் அவள் போகவில்லை. பழைய சாலையிலேயே சுற்றிச் சுற்றிப் போனாள். ஆனால் பெரிய கடை ஒன்று சந்தியாகோ பக்கம் இருந்தது. அதற்கு துவார்த்தே வழியாகத்தான் போக வேண்டும். ஒரு காலை போனார்கள். அன்று நடந்ததை இரண்டு பேருமே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இருவரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்.

போகும்போது பாட்டுப் போடவில்லை, பேச்சும் இல்லை. வாஸ்கர் விழுந்த கிளைச் சாலை வந்தது; கடைக்கும் அதில்தான் இறங்க வேண்டும். அவள் முன்கூட்டியே சிக்னல் போட்டாள். கண்ணாடி பார்த்தாள். ஒன்றும் இல்லை. வாஸ்கர் தோள் வலியோடு கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரும் இல்ல, போங்க" என்றான்.

அவள் உடனே ஒடிக்கவில்லை. முன்னால் குனிந்து இன்னொரு தரம் பார்த்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு முன்சக்கரம் எட்டிப் பார்த்தது. பைக்கில் ஒருவன், அவனுக்குப் பின்னால் ஒரு பெண், அவள் மடியில் வாழைத்தார். ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினாள். பின்னால் வந்த லாரி அலறியது. பைக் தாண்டிப் போனது. போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்களுக்கு என்ன நடக்கவிருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

பின் இருக்கைத் தட்டுகள் மொத்தமும் முன்னால் சரிந்தன. மஞ்சள் கரு இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஓடி, கியர் கம்பியில் வழிந்து, வாஸ்கரின் சட்டைக்குள் இறங்கியது. கிளைச் சாலையைத் தாண்டிப்போய் ஓரமாக நிறுத்தினாள். இரண்டு பேரும் இறங்கவில்லை. அவன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"நானும் பாக்கல" என்றான் வாஸ்கர் கடைசியில். "பாத்தேன். ஆனா பாக்கல."

"தெரியும்" என்றாள்.

"அவன் அங்கதான் இருந்தானா, நான் பாக்கறப்ப?"

"அங்கதான் இருந்தான்."

அவன் சட்டைக்குள்ளிருந்து முட்டை ஓட்டை எடுத்து வெளியே போட்டான். பிறகு, "பெரிய கடைக்கு இன்னைக்கு என்ன குடுக்கறது?" என்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்ததாம். டிக்கியில் இருந்தது தப்பியிருந்தது. அதைக் கொடுத்தார்கள்.

மோக்கா வெயிலில் மூடிக் கிடக்கிற காரில் முட்டை நாற்றம் போகுமா? எலுமிச்சை, சோடா மாவு, காப்பித் தூள் என்று எல்லாம் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. இப்போது யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

வாஸ்கரின் எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. மழை வந்தால் வலிக்கும் என்கிறான். பைக்கை மறுபடி எடுத்துவிட்டான். முட்டை பழையபடி கோபுரமாகத்தான் வருகிறது. ஆனால் எந்தக் காரின் பக்கத்திலும் சேர்ந்து போகமாட்டான். ஒன்று பின்னால் நிற்பான், இல்லை ஒரே வீச்சில் முன்னால் போய்விடுவான். ஸ்டாண்டில் இருக்கிறவர்களுக்கும் அதைச் சொல்லிப் பார்த்தான். சிலர் கேட்டார்கள். சிலர், "நீ விழுந்தவன், அப்படித்தான் சொல்வே" என்று சிரித்தார்கள்.

நூர்கிஸ் இன்றுவரை பெல்கிஸோடு பேசியதில்லை. மாதா கோயிலில் ஒரே பெஞ்சில் இடம் காலியாக இருந்தாலும் போய் நின்றுகொள்வாள். "அவ செய்யறது சரிதான்" என்கிறாள் பெல்கிஸ். "ஒரு பொம்பளைக்குப் புருஷன் கெடந்த ரோடு ஞாபகம் இருக்கும்."

பெல்கிஸ் இன்னும் ஓட்டுகிறாள். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கண்ணாடிகளைத் துடைத்து, ஏறி, குனிந்து, திரும்பிப் பார்த்து, அப்புறம்தான் கிளம்புகிறாள். கழுத்துச் சுளுக்குக்குக் களிம்பு என் கடையில்தான் வாங்குகிறாள். வேகம் குறையவில்லை என்று ஸ்டாண்டில் சொல்கிறார்கள். நான் கேட்டால், "காலியான ரோட்டுல மட்டும்" என்கிறாள். காலியான ரோடு என்று ஒன்று இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

நேற்று காப்பி குடிக்க வந்தாள். ஸ்டூலைப் போட்டேன், பையை வைத்தாள். பேசிக்கொண்டே இருந்தவள், வெளியே ஒரு பைக் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு வலது தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தாள். அங்கே என் சோப்பு அலமாரிதான் இருந்தது.

"என்ன சொல்லிக்கிட்டிருந்தேன், கொமாத்ரே?" என்றாள்.